ஐந்தாம் புத்தகத்துச் சுக்கானி

தினுஷா: அப்ப அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டது ஆர்? முதல் அதைச் சொல்லுங்கோ.

றுவைஸ்: எந்த விளக்கு?

தினுஷா: எந்த விளக்கோ? நல்ல கேள்வி! ஆறாம் புத்தகம், றுவைஸ் நானா. கயலி, கடலுக்குப் போன தன்ர புருசன் ஆழியனுக்காக மலை உச்சியில கொளுத்தி வைக்கிற விளக்கு. அவள் அசதியில நித்திரையாப் போறாள். விடிய எழும்பிப் பாத்தா, எண்ணெய் நிறைஞ்சு கிடக்கு. நீங்களும் என்ர மனுசனும் எத்தினை மாரிக்கு இதை வைச்சு அடிபட்டனீங்கள்... இப்ப வந்து எந்த விளக்கு எண்டு கேக்கிறீங்கள்.

றுவைஸ்: நினைவில்ல புள்ள... கொஞ்சம் தண்ணி தாறியா?

தினுஷா: இந்தாங்கோ. இந்த மழைக்குள்ள மோட்டச்சைக்கிளிலயோ வந்தனீங்கள்? தலையெல்லாம் ஒழுகுது. பொறுங்கோ, துவாய் தாறன்.

றுவைஸ்: வேணாம், வேணாம். நீ இரி.

தினுஷா: நான் இருந்துகொண்டுதானே இருக்கிறன். இந்தக் கதிரையை விட்டு எழும்பியே எவ்வளவு நேரம்.

றுவைஸ்: திரும்பவும் முதல்ல இருந்தா வாசிக்கிறாய்?

தினுஷா: ஓம். 'மூடுபனிக் கடல்' ஒண்டாம் புத்தகத்தில இருந்து. மாரி பிறந்தா அதை எடுக்கிறதுதானே இந்த வீட்டு வழக்கம். கடல் கொந்தளிக்கும், போட் வெளிக்கிடாது, மூண்டு பேரும் இருந்து வாசிப்பம், சண்டை பிடிப்பம். இந்த முறை இவர் கடைசியா ஒரு தரம் கடலுக்குப் போட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டவர்... நான் தனியத் தொடங்கிட்டன். ஆறோட நிக்கிறன். ஏழாவது அவரோட போட்டில.

றுவைஸ்: கொண்டு போனவனா?

தினுஷா: பொலித்தீனுக்குள்ள சுத்தி. "நீ எனக்கு முதல் முடிச்சிடுவாய்" எண்டு சொல்லிப்போட்டு. ...ஏன் நானா குரலைத் தாழ்த்துறீங்கள்?

றுவைஸ்: அன்ரி நித்திரை எண்டு நினைச்சன்.

தினுஷா: நித்திரையும் இல்லை ஒண்டும் இல்லை. உள்ளறையில படுத்திருக்கிறா, காது இஞ்ச கிடக்கு. குசுகுசுத்தா உடன எழும்பி வந்திடுவா. டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர், நானா... மாமிக்கு இன்னொரு தரம் நெஞ்சில வந்தால் காப்பாத்த ஏலாதாம். போட்டில இருந்து சத்தமில்லை எண்ட நாள் தொடக்கம் நான் எட்டி எட்டித்தான் மூச்சைப் பாக்கிறன்.

றுவைஸ்: அவக்கு என்ன சொல்லி வெச்சிரிக்கிறாய்?

தினுஷா: நீங்க சொல்லித் தந்ததுதான். எஞ்சின் பழுது, அந்தமான் பக்கம் இழுபட்டிருக்கும் எண்டு. இந்தக் கதைப்புத்தகக் கதை எண்டா மட்டும், பேய்க்கதை எண்டு சொல்லி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடுவா. அதால இதையே கதைப்பம். சத்தமா.

மாகிரட்: பிள்ளை! ஆரது வந்திருக்கிறது?

தினுஷா: றுவைஸ் நானா, மாமி! கிண்ணியாவில இருந்து!

மாகிரட்: என்ன தம்பி, என்ர மகன் றிக்சன்ர போட் சேதி ஏதும் உண்டே?

றுவைஸ்: அது... இன்னும் ஒண்டும் வரல்ல அன்ரி. அந்தமான் பக்கம்தான் போயிரிப்பாங்க எண்டு சொல்றாங்க.

மாகிரட்: அங்க சோறு குடுப்பாங்களே?

றுவைஸ்: குடுப்பாங்க அன்ரி. எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் அங்க மாட்டுப்பட்டு, கொழுத்துப் போயில்லவா திரும்பி வந்தவன்.

மாகிரட்: அப்ப சரி. நான் கொஞ்சம் கண்ணை மூடுறன். நீங்க கதையுங்கோ. ஆளரவம் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வரும்.

தினுஷா: ஓம் மாமி! ...இப்ப சொல்லுங்கோ, நானா.

றுவைஸ்: என்னத்த?

தினுஷா: கொட்பேத் துறைமுகத்தில மீனவர் சங்கத்துக்குப் போனீங்களோ? சீனன்குடாவில இருந்து தேடுறதுக்குத் திரும்பவும் பிளேன் போனதெண்டு றேடியோவில சொன்னவங்கள்.

றுவைஸ்: போச்சுது.

தினுஷா: பிறகு?

றுவைஸ்: எந்தப் புத்தகத்தில நிக்கிறாய் எண்டு சொன்னாய்?

தினுஷா: நானா, நான் கேட்டது...

மாகிரட்: என்ன பிள்ளை, குரல் உள்ள போகுது?

தினுஷா: ஒண்டுமில்லை மாமி! கதைப்புத்தகம்தான்!

மாகிரட்: உந்தப் பேய்க்கதையை இன்னும் விடேல்லையே? வயசு போய்க்கொண்டிருக்கு உங்களுக்கு.

தினுஷா: இந்தா முடியப் போகுது மாமி! ...சத்தமாச் சொல்லுங்கோ நானா, ஏழாம் புத்தகம். துறையில ஒரு ஆள் வந்து தேத்தண்ணி குடிக்கிறான்...

றுவைஸ்: தேத்தண்ணி இல்ல. கஞ்சி.

தினுஷா: அப்பாடா! இப்பவெண்டாலும் ஞாபகம் வந்துதே. கஞ்சி. அந்த ஆளுக்கு நிழல் இல்லை. எங்கட சுக்கானி ஆழியனும் மூண்டாம் புத்தகத்தில தன்ர நிழலைப் பனியரசியிட்டக் குடுத்திட்டுத்தானே பிள்ளையள் இருந்த வள்ளத்தைக் கடத்தி விட்டவன்? அப்ப கஞ்சி குடிக்கிறது அவன்தான் எண்டுதானே உங்கட கட்சி?

றுவைஸ்: ஆனா விரல் இரிக்கே அவனுக்கு.

தினுஷா: அதுதானே என்ர பிடி. ரெண்டாம் புத்தகத்தில கயிறு மாட்டிச் சுண்டுவிரல் துண்டாப் போச்சு. கஞ்சி குடிக்கிறவனுக்கு அஞ்சு விரலும் ஒழுங்கா இருக்கு. ஆழியன் நாலாம் புத்தகத்திலயே செத்திட்டான், இது வேற ஆள் எண்டு நான் எத்தினை வருசமாக் கத்திறன்? நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி, நான் தனிக்கட்சி.

றுவைஸ்: றிக்சன் அதுக்கு ஒண்டு சொல்லுவானே...

தினுஷா: "பனி எடுத்ததைப் பனியே திருப்பித் தரும்." கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார், பெரிய பாதிரியார் மாதிரி. எந்தப் புத்தகத்தில இருக்கு காட்டுங்கோ எண்டால், "எழுதாத பக்கத்தில இருக்கு" எண்டுவார். உங்களிட்ட அதுவும் இல்லை. எழுதின மனுசனுக்கு மறதி எண்டு ஒரே போடாப் போட்டிடுவீங்கள்.

றுவைஸ்: மறதிதான். ரெண்டாம் புத்தகத்தில வெட்டினது ஏழாம் புத்தகத்தில அவருக்கு எங்க நினைவிரிக்கப் போகுது.

தினுஷா: ஏழு புத்தகம் எழுதின மனுசனுக்கு ஒரு விரல் நினைவில்லையாம்! இவருக்கு அந்த ஆழியனில ஏன் அவ்வளவு பிடிப்பு எண்டு தெரியுமே உங்களுக்கு? தானும் சுக்கான் பிடிக்கிறவர் எண்டபடியால். அவன் செத்தால் தான் செத்த மாதிரி முகம் கறுத்துப்போகும். கலியாணம் முடிச்ச புதுசில நான் "செத்திட்டான்" எண்டு சொல்லப்போக, ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

றுவைஸ்: என்னட்ட வந்து சொன்னவன். "மனுசி ஈவிரக்கம் இல்லாத ஆள்ரா" எண்டு.

தினுஷா: சொல்லுவார்! ...சரி, இப்ப கேளுங்கோ. இந்த முறை நான் கட்சி மாறிட்டன்.

றுவைஸ்: என்ன?

தினுஷா: ஆழியன் சாகேல்லை. நீங்க சொன்னதுதான் சரி. நாலாம் புத்தகம் கடைசி அதிகாரத்தை மூண்டு தரம் வாசிச்சிட்டன். பாறையில அடிச்சு வள்ளம் பிளக்குது எண்டு இருக்கு. ஆள் செத்ததெண்டு ஒரு வரி கூட இல்லை. அஞ்சாம் புத்தகத்திலயும் பலகை ஒதுங்குது, வலை ஒதுங்குது, ஆள் ஒதுங்கேல்லை. ஆள் இல்லாமல் செத்ததெண்டு எப்பிடிச் சொல்லுறது? வெண்டிட்டீங்கள் நானா, சிரியுங்கோவன்.

றுவைஸ்: நீ முதல் சொன்னதுதான் சரி, புள்ள.

தினுஷா: எது?

றுவைஸ்: நாலாம் புத்தகத்தோட... முடிஞ்சுது.

தினுஷா: நீங்கதானே இவ்வளவு காலமும் உயிரோட இருக்கிறான் எண்டு மேசையில அடிச்சுக் கதைச்சனீங்கள்?

றுவைஸ்: ஓம்.

தினுஷா: நான் உங்கட பக்கம் வரேக்க நீங்க என்ர பக்கம் போறீங்களோ? சும்மா விளையாடாதையுங்கோ.

றுவைஸ்: விளையாடல்ல.

தினுஷா: விளக்குக்கு எண்ணெய் விட்டது ஆர் அப்ப?

றுவைஸ்: கயலிதான். தூக்கக் கலக்கத்தில தானே ஊத்திப்போட்டு மறந்திட்டாள். பாவம் அவள். பாத்துப் பாத்து அவளுக்கு அப்பிடித் தோணிருக்கும்.

தினுஷா: அது சரியில்லை, நானா. இவர் கேட்டா உங்களோட சண்டைக்கு வருவார்.

றுவைஸ்: வரட்டும் புள்ள... வந்தா நல்லம்தானே.

தினுஷா: ...ஏன் கையைக் கட்டிக்கொண்டு குனிஞ்சிருக்கிறீங்கள்?

றுவைஸ்: குளிர்.

தினுஷா: துவாய் வேண்டாம் எண்டனீங்கள்.

றுவைஸ்: புள்ள... அஞ்சாம் புத்தகத்த நீ வடிவா வாசிக்கல்ல.

தினுஷா: முந்தநாள்தான் முடிச்சனான்.

றுவைஸ்: அதில ஆள் கிடைக்குது.

தினுஷா: கிடைக்கேல்லை. பலகையும் வலையும்தான்.

றுவைஸ்: நான் இண்டைக்குக் காலைல வாசிச்சன்.

தினுஷா: இண்டைக்கோ?

றுவைஸ்: ஓம். இண்டைக்குக் காலைல.

மாகிரட்: பிள்ளை, மழை உள்ளுக்கு அடிக்குது போல. ஜன்னலைச் சாத்தினனீயே?

தினுஷா: ...சாத்தினனான் மாமி.

மாகிரட்: என்ன குரல் ஒரு மாதிரி?

தினுஷா: தண்ணி குடிச்சனான், புரைக்கேறிப்போச்சு. நீங்க படுங்கோ.

மாகிரட்: மெதுவாக் குடி பிள்ளை.

தினுஷா: ...எந்த இடத்தில, நானா? அஞ்சாம் புத்தகத்தில... எந்த இடத்தில கிடைக்குது?

றுவைஸ்: தெக்குப் பக்கம். ஆறு வந்து கடலில விழுற இடம்.

தினுஷா: எந்த ஆறு?

றுவைஸ்: பக்கத்தில ஒரு பழைய கோயில் இரிக்கு. ஆடியில கனக்க ஆக்கள் நடந்து போவாங்க.

தினுஷா: வெரு...

றுவைஸ்: ஓம் புள்ள. பேரச் சொல்லாத, அந்த ஆறுதான். சத்தமாச் சொல்லு எண்டு நீதானே சொன்னாய். சத்தமாவே கதை.

தினுஷா: ஓம்... ஓம். அந்த ஆறு... இப்ப நினைவு வருது. ஆர் கண்டது?

றுவைஸ்: கரைவலை இழுக்க வந்த ஆக்கள். விடிய வெள்ளாப்பில. மரியாதையா, ஒரு சாரத்தால மூடிப்போட்டுத்தான் ஆள் அனுப்பிருக்காங்க.

தினுஷா: மற்ற ஆக்கள்? வள்ளத்தில ஆழியனோட இன்னும் மூண்டு பேர்...

றுவைஸ்: அவங்கட கதை இன்னும் எழுதல்ல. கிடைக்கல்ல.

தினுஷா: அவங்கள் இல்லாமல் இவன் மட்டும் எப்பிடி? கதை பொருந்தேல்லையே. நானா, கதையளில ஆள் மாறுறது நடக்கிறதுதானே? வேற ஒரு வள்ளத்தில போன வேற ஒரு ஆளை, இவன் எண்டு நினைச்சு... கடல் உப்பில கிடந்தா முகம்...

றுவைஸ்: நானும் அப்பிடித்தான் நினைச்சன். அப்பிடி இரிக்கட்டும் எண்டு வழி முழுக்க துஆக் கேட்டுக்கொண்டுதான் போனன். போய்ப் பாத்தன்.

தினுஷா: முகத்தையோ?

றுவைஸ்: முகத்தக் கேக்காத.

தினுஷா: அப்ப உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாமல் எப்பிடிச் சொல்லுவீங்கள்? எழுதின மனுசன் ஏழாம் புத்தகத்தில விரலையே மறந்தவர். இதையும் பிழையா எழுதியிருப்பார். அவர் எத்தினை பிழை விட்டவர், நீங்களே சொல்லுவீங்களே...

றுவைஸ்: புள்ள.

தினுஷா: பனி எடுத்ததைப் பனி திருப்பித் தரும் எண்டு...

றுவைஸ்: தினுஷா, கேளு. கையில மோதிரம் இரிக்கு.

தினுஷா: மோதிரமோ? அந்தக் கதையில...

றுவைஸ்: இரிக்கு. இடக்கையில. விரல் வீங்கினதில கழட்ட ஏலாமக் கிடந்திச்சு. பழைய காலத்து மோதிரம். கொஞ்சம் உயத்திப் பாத்தன். உள்பக்கம் சின்னதா ஒரு சிலுவை வெட்டிருக்கு. புள்ள, மூச்ச விடு. இஞ்ச பாரு என்ன.

தினுஷா: ...

மாகிரட்: ஏன் சத்தம் நிண்டு போச்சு?

றுவைஸ்: ஒண்டுமில்ல அன்ரி!

மாகிரட்: நான் பிள்ளையைக் கேட்டனான்.

தினுஷா: பக்கம்... பக்கம் பிரட்டுறன், மாமி.

மாகிரட்: ம்.

றுவைஸ்: அல்லாஹ்வே... நான் இதச் சொல்ல வரல்ல புள்ள. என்ட பொஞ்சாதி லைலாவ அனுப்பிச் சொல்லுவம் எண்டுதான் நினைச்சன். அவள் வழி முழுக்க அழுதுகொண்டு வருவாள், வாசல்லயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதான் நானே...

தினுஷா: இந்தப் புத்தகத்தில இருந்து கதையுங்கோ. சத்தமா. நான் விழுந்திடுவன், கதையுங்கோ நானா.

றுவைஸ்: ஓம்... ஓம். ஆழியன் நல்ல சுக்கானி. அவனப்போல ஒருத்தன் அந்தக் கடலில இல்ல. கண்ண மூடிக்கொண்டு காத்த மணந்தே திசை சொல்லுவான்...

தினுஷா: இன்னும்.

றுவைஸ்: பள்ளிக்கூடத்தில... அதாவது ஒண்டாம் புத்தகத்தில, அவனோட ஒரு கூட்டாளி இரிக்கான். பயந்தவன். கடலெண்டா நடுங்குவான். ஆழியன் அவனத் தோள்ல போட்டு நீந்தப் பழக்கினான். அந்தக் கூட்டாளிதான்... இண்டைக்குப் போய்ப் பாத்தவன். ஆள் அடையாளம் சொன்னவன்.

தினுஷா: அந்தக் கூட்டாளிக்கும் கஸ்டம்தான்.

றுவைஸ்: கஸ்டம்தான் புள்ள.

தினுஷா: ஏழாம் புத்தகம்... பொலித்தீன்ல சுத்தினது?

றுவைஸ்: இல்ல. ஒண்டுமில்ல. உடுத்த சாரமும் மோதிரமும் மட்டும்தான்.

தினுஷா: எனக்கு முதல் முடிச்சிட்டார், பாருங்கோ.

றுவைஸ்: அப்பிடிச் சொல்லாத.

தினுஷா: இனி என்ன நடக்கும்? கதையில. அடுத்த அதிகாரத்தில.

றுவைஸ்: பெரியாஸ்பத்திரில... பெரிய மாளிகையில வெச்சிரிக்காங்க. கூட்டாளி சொன்னது காணாதாம். மனுசி வந்து பாத்து, ஓம் எண்டு சொல்லணுமாம். பின்னேரத்துக்குள்ள. அதுக்குப் பிறகுதான் குடுப்பாங்க.

தினுஷா: கயலி போகோணுமோ?

றுவைஸ்: ஓம். நான் கூட இரிப்பன். ஓட்டோ ஒண்டு சந்தியில நிக்கிது. மோட்டச்சைக்கிள இஞ்சயே விட்டிட்டு வாறன்.

தினுஷா: வீட்டில உள்ளவவுக்கு என்ன சொல்லிப்போட்டுப் போறது?

றுவைஸ்: லைப்ரரிக்கு எண்டு சொல்லு. ஏழாம் புத்தகம் எடுக்க. லைலா இப்ப வந்திடுவாள், அவவோட இரிப்பாள்.

தினுஷா: லைலா அக்கா அழுவா எண்டு சொன்னீங்கள்.

றுவைஸ்: அழமாட்டாள். சத்தியம் வாங்கிருக்கன்.

தினுஷா: பிறகு ஆளைக் கொண்டு வரேக்க? வாசலுக்குள்ளால கொண்டு வரேக்க? அப்ப என்ன செய்யிறது?

றுவைஸ்: தெரியா புள்ள. அதுமட்டும் நான் யோசிக்கல்ல. ஒவ்வொரு பக்கமாப் பாப்பம். நேர மாளிகையில இருந்து கோயிலுக்குக் கொண்டுபோய்... பாதரிட்ட நான் கேட்டுப் பாக்கட்டா?

தினுஷா: பெத்த தாய்க்குக் காட்டாமலோ?

றுவைஸ்: காட்டினா ரெண்டு சாவாப் போயிடும் எண்டுதானே பயம். எழும்பேலுமா?

தினுஷா: கொஞ்சம் பொறுங்கோ. சட்டை மாத்தோணும். எதைப் போடுறது? கலர்ச் சட்டையோட போனாத்தானே மாமிக்குச் சந்தேகம் வராது...

றுவைஸ்: எதப் போட்டாலும் ஒண்டுதான்.

மாகிரட்: பிள்ளை.

தினுஷா: என்ன மாமி? நான் ஒருக்கா லைப்ரரிக்குப் போட்டு வரட்டோ? ஏழாம் புத்தகம்...

மாகிரட்: போலாம். அந்தச் சுக்கானிக்கு என்ன நடந்தது?

தினுஷா: ஆருக்கு?

மாகிரட்: இவ்வளவு நேரமும் கதைச்சனீங்கள். செத்தானே, இருக்கிறானே?

றுவைஸ்: அது அன்ரி, எழுதினவர் வடிவாச் சொல்லல்ல. ஆளுக்கொரு மாதிரி...

மாகிரட்: தம்பி, நீர் பொறும். நான் பிள்ளையைக் கேக்கிறன்.

தினுஷா: ...செத்திட்டான், மாமி.

மாகிரட்: உண்மையாவே?

தினுஷா: உண்மையா.

மாகிரட்: கயலி அழுதாளே?

தினுஷா: இல்லை, மாமி. அவள் அழேல்லை.

மாகிரட்: ஏன் அழேல்லை? புருசன் செத்தா ஆரும் அழாமல் இருப்பாளே?

தினுஷா: அவளுக்கு ஏலாது. வீட்டில... ஒரு வயசான மனுசி படுத்திருக்கிறா. நெஞ்சு வருத்தக்காரி. அவவுக்குத் தெரிஞ்சால்... அதால தொண்டைக்குள்ளயே வைச்சுக்கொண்டு நிக்கிறாள்.

மாகிரட்: அந்த மனுசிக்குத் தெரியாதெண்டு ஆர் சொன்னது?

றுவைஸ்: அன்ரி, நீங்க எழும்பாதீங்க! படுங்க, நான் உள்ள வாறன்...

மாகிரட்: வரவேண்டாம். நான் இந்தா, கதவடியிலதான் நிக்கிறன். அந்தச் சுக்கானிக்கு மோதிரம் இல்லை, தம்பி. அந்தக் கடலுக்குப் பொன்னும் கொண்டுபோக ஏலாது, இரும்பும் ஏலாது, ஒரு குண்டூசி கொண்டு போனாலும் பனிக்குள்ள இருக்கிறதுகள் மணந்து பிடிச்சிடும். நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க றிக்சன் கட்டிலடியில இருந்து ஏழு புத்தகமும் எனக்கு வாசிச்சவன். பேய்க்கதை எண்டு நான் சொன்னது, அவன் இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் எண்டு. உள்ளுக்குச் சிலுவை வெட்டினது அவன்ர அப்பான்ர மோதிரம். நான்தான் கழட்டித் தந்தனான், நீ அவனுக்குப் போட. நடக்கிறது தெரியாமல் ஒரு தாய் நித்திரை கொள்ளுவாள் எண்டு நினைச்சனீங்களே? நீ எனக்காக அடக்கிக்கொண்டு நிக்கிறாய் எண்டுதான் நானும் பேசாமல் கிடந்தனான்... காணும், பிள்ளை. புத்தகத்தை மூடிப்போட்டு இஞ்ச வா. நான் சாகமாட்டன். நீ அழு.